நாலு விரல் இடைவெளி

காருக்குப் பின்னால் காரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஆண்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் கை குலுக்குவதில்லை. எதிராளியின் வண்டிக்கு அடியில் பார்க்கிறார்கள். பெயர் கேட்கும் முன்பே குனிவார்கள். பெயர் தெரிந்ததும் மண்டி போடுவார்கள். ஒரு பீர் உள்ளே இறங்கிவிட்டால் சாஷ்டாங்கமாக விழுந்துவிடுவார்கள். எந்த மாதாகோயிலிலும் முழங்காலை மடக்கியறியாத நெவில் டிரான்டர், மரீ ஊர் காரவன் பார்க்கில் வந்து இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் டட்லி கிரானக்கின் காரவனுக்கு அடியில் இடுப்புவரை போய்விட்டார்.

அவர் மனைவி கிளெனிஸ், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்தாள். ஒரு காலுறை சாம்பல், ஒன்று நீலம்.

"நெவில், டீ ஆறிப்போகுது."

"வந்துட்டேன் கண்ணு. இந்த ஷாக் அப்சார்பரப் பாரேன், என் தொடை மொத்தம் இருக்கு!"

"உன் தொடைய நான் நாப்பது வருஷமாப் பாக்கறேன். பெருமைப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல."

அடியிலிருந்து டட்லியின் குரல் மட்டும் வந்தது, பாதிரியார் ஞானஸ்நானம் கொடுக்கிற தோரணையில்: "டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல நாலு விரல் போகணும், மச்சான். போகலேன்னா அது காரவன் இல்ல, பொட்டிக்கடை."

கிளெனிஸ் மரீக்கு வந்தது யாருடைய தொடையையும் பார்க்க அல்ல. ஏரியைப் பார்க்க. பூர்வகுடிகள் வைத்த பெயர் கட்டி தண்டா, பழைய வரைபடங்களில் ஐர் ஏரி; பெரும்பாலான வருஷங்களில் ஏரி என்று சொல்லிக்கொள்ளும் வெறும் உப்புத் தரை. ஒரு ஆயுளில் இரண்டு மூன்று தடவை உருப்படியாக நிரம்பினால் அதிகம். கடந்த தடவை நிரம்பியபோது கிளெனிஸ் தபாலாபீஸ் கவுன்டரில் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல், அஞ்சல்தலை கிழித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஓய்வு பெற்றாகிவிட்டது, ஏரியும் நிரம்பிவிட்டது, கூழைக்கடாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிவிட்டன. ஆனால் வருகிற ஆகஸ்டில் இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை. அதன்பிறகு ஒரு வருஷம் குலுங்குகிற வண்டிப் பயணமே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த தடவை ஏரி நிரம்பும்போது தன்னைத்தான் யாராவது பெட்டியில் வைத்து இழுத்துப்போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மரீயிலிருந்து ஏரிக்கரைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் மண்சாலை. தகரக் கூரையை எடுத்துப் படுக்கப்போட்டது மாதிரி வரிவரியாக இருக்கும். நடுவே வறண்ட ஓடைகள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு கரையில். நெவிலும் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார், டட்லியின் வண்டியைக் காண்கிற வரைக்கும்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நிலவில் இறங்கத் தயாரித்து, ஆள் கிடைக்காமல் பூமியிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. உள்ளே ஏற ஏணி. அடியில் ஒரு கங்காரு நிமிர்ந்து நடந்து போகலாம், தொப்பி போட்டிருந்தாலும். டட்லி அடிலெய்டில் பள்ளி உதவித் தலைமையாசிரியராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அதட்டுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் போனதால் காரவன்காரர்களை அதட்டிக்கொண்டு திரிந்தார்.

அன்று மாலை அஞ்சு மணி வட்டம் கூடியது. இந்த நாட்டில் எந்தக் காரவன் பார்க்கிலும் அஞ்சு மணிக்கு ஆளுக்கொரு மடக்கு நாற்காலியும் அவரவர் குடிக்கிற சரக்குமாக வந்து வட்டம் போட்டுவிடுவார்கள். டட்லி எழுந்து நெவிலின் காரவனை ஒரு சுற்று சுற்றிவந்தார். செத்துப்போன பசுவைச் சுற்றிவருகிற மாட்டு டாக்டர் மாதிரி.

"இதோட உயரம் என்ன, மச்சான்?"

"தரையிலேருந்து ஒரு இருபத்தஞ்சு சென்டிமீட்டர் இருக்கும்."

வட்டமே உச்சுக் கொட்டியது.

"மூணாவது ஓடையிலேயே அச்சு தரையில தட்டி உக்காந்துடும்," என்றார் டட்லி. "நான் சொல்லலேன்னு அப்புறம் சொல்லாதே."

நெவில் முனிசிபல் பூங்காக்களில் புல்வெட்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் புல்லின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்த மனிதர். உயரம் போதாது என்று அவரிடம் சொல்வது, பூசாரியிடம் சாமி போதாது என்று சொல்வது போல. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அடிலெய்டுக்குப் போன் போட்டு இன்னும் பெரிய டயர்களுக்குச் சொல்லிவிட்டார்.

"டயர் பெருசானா அச்சு உசந்துடும், கண்ணு. அச்சு உசந்தா ஓடையில தட்டாது. சின்னக் கணக்கு."

"எப்ப வரும்?"

"லாரி வியாழக்கிழமை வருது."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மதுக்கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கடைக்காரர் அதில் சாக்கட்டியால் ஏரி நிலவரம் எழுதுவார். அன்றைய வாசகம்: 'தண்ணீர்: இருக்கு. கூழைக்கடா: ஏகப்பட்டது.' கிளெனிஸ் தினமும் காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே போய் அதைப் படித்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை டயர் வந்தது. மாட்டினார்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகவில்லை, ஒரு நகம்தான் போயிற்று. டட்லி தன் விரல்களை விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் பன்றி சாசேஜ் பருமன்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார். "வண்டிய மேல தூக்கணும். நல்ல நீளமா மேலயும் கீழயும் போய்வர்ற சஸ்பென்ஷனாப் போடு. மெத்தையில படுத்த மாதிரி போகும்."

"அதுக்கு?"

"அச்சு மேல வண்டியத் தாங்குற கமான் பட்டை புதுசு, ஷாக் அப்சார்பர் புதுசு. வியாழக்கிழமை லாரி வரும்ல."

பலகையில் எழுத்து மாறியது: 'கூழைக்கடா: நிறைய.'

அடுத்த வியாழன் பட்டைகள் வந்தன. மூன்று பகல் முழுக்க நான்கு கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி எழும்பியது. எழும்பியது என்றால் சாதாரண எழும்பலா? மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானம் மாதிரி நின்றது. இழுக்கிற காரின் கொக்கி கீழே, காரவனின் கழுத்து மேலே. கொக்கியை உயர்த்தப் புதிதாக ஒரு இரும்புக் கை வேண்டும். அது எப்போது வரும் என்று கிளெனிஸ் கேட்கவில்லை. உள்ளே ஏறப் பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார் நெவில். அதில் ஏறும்போதெல்லாம் அவள் முழங்கால்கள் பழைய கதவு மாதிரி சத்தம் போட்டன.

"இந்த வண்டிய ஒசத்தி ஒசத்தி," என்றாள், "நான் ஏறுறதுக்குள்ள ஏரி வத்திப்போகும்."

"பொறுமையா இரு, கிளெனி. அவசரத்துல செஞ்சா அரைகுறை."

'கூழைக்கடா: கொஞ்சம்,' என்றது பலகை.

க்வீன்ஸ்லாந்தில் பெய்த மழை, ஷாக் அப்சார்பர் எதுவும் இல்லாமல், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மெல்ல நடந்துவந்து ஏரியில் சேர்ந்திருந்தது. கடைசித் தொண்ணூறு கிலோமீட்டரைக் கடக்க நெவிலுக்கு மட்டும்தான் தைரியம் வரவில்லை.

பார்க்கின் ஓரத்தில், வேலியை ஒட்டி, யூனா பிட்ஸ்னர் என்ற எண்பத்தொரு வயதுப் பெண்மணி இருந்தார். அவருடைய காரவன் ஒட்டுப்பலகையில் செய்தது, ஐம்பது வருஷப் பழசு, கோழிக்கூடு அளவு. டயர்கள் தையல் மெஷின் சக்கரத்தைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். யூனா இதற்குள் ஏரிக்கு நான்கு தடவை போய்வந்துவிட்டார். அங்கே உட்கார்ந்து ரொட்டியில் மார்மலேட் தடவித் தின்றால் தனி ருசி என்பது அவர் சொன்ன ஒரே காரணம்.

அஞ்சு மணி வட்டத்தில் கிளெனிஸ் இதை எடுத்துச் சொன்னாள். "யூனா நாலு தடவை போய்ட்டு வந்துட்டாங்க."

"அது அதிர்ஷ்டம்," என்றார் டட்லி.

"நாலு தடவையுமா?"

"அதிர்ஷ்டத்துக்கு எண்ணிக்கை கிடையாது."

யூனா தன் ஷெரி ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "டயர்ல பாதிக் காத்தை இறக்கிவிட்டுடுவேன்," என்றார். "நாப்பதுக்கு மேல ஓட்ட மாட்டேன். ஓடை வந்தா எறங்கி நடந்து பாப்பேன். எங்க கல்லு இருக்கோ அங்க போக மாட்டேன்."

வட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு ஷாக் அப்சார்பர் எண்ணெயின் வகைகளுக்குத் திரும்பியது.

மூன்றாவது வியாழக்கிழமை கொக்கிக்கான இரும்புக் கை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. நெவில் கையைத் துடைத்துக்கொண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்தார். நாலு விரல் போயிற்று. ஐந்தாவதும் போகும் போலிருந்தது. அவர் விரல்கள் பீன்ஸ் மாதிரி என்பதை அந்த உற்சாகத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எடை குறைவாக இருந்தால் வேலை சுலபம் என்று தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்துவைத்திருந்ததும், டின்கள், ஜெனரேட்டர், பீர்ப் பெட்டிகள் எல்லாவற்றையும் வெளியே மரத்தடியில் குவித்திருந்ததும்கூட யாருக்கும் நினைவில்லை. வெறும் வயிற்றோடு நின்ற வண்டியை அளந்துவிட்டு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கிளெனிஸ் மதுக்கடைக்குப் போய்வந்தாள். பலகையில் இப்படி இருந்தது: 'கூழைக்கடா: போறதுன்னா இப்பவே போங்க.'

"நாளைக்குக் கிளம்பலாமா?" என்றாள்.

"நாளைக்கா?" நெவில் திடுக்கிட்டார். "புதுப் பட்டை படியணும்ல? ரெண்டு நாள் நிக்கட்டும். திங்கள் சின்னதா ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டு, புதன்கிழமை டட்லியோட சேந்து..."

கிளெனிஸ் உள்ளே போனாள். பீர்ப் பெட்டியில் ஏறி, பைனாகுலரையும் முழங்கால் பட்டைகளையும் ஒரு ரொட்டியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"காலையில யூனாவோட ஏரிக்கு. இன்னிக்கு அங்கயே படுத்துக்கறேன், ஏறி எறங்கக் கால் தாங்கல."

நெவிலின் முகம் காற்றிறங்கிய டயராயிற்று. "இதெல்லாம் நான் யாருக்காகச் செஞ்சேன்? உனக்காகத்தானே!"

"எனக்காகவா? நான் கேட்டது தண்ணி, நெவில். நீ குடுத்தது உசரம்."

ஞாயிறு காலை யூனா டயர்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் நெவிலும் அவசரமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கோழிக்கூட்டில் மனைவி முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் அஞ்சு மணி வட்டத்தில் தலை காட்ட முடியுமா? டட்லியும் கூட வருவதாக முடிவாகியிருந்தது. நூற்றெண்பது லிட்டர் தண்ணீர், ஜெனரேட்டர், நான்கு வாரச் சாப்பாடு, கழற்றிப்போட்ட பழைய பட்டைகள் வேறு. வீசியெறிய மனம் வராது. வண்டி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. அதை யாரும் அளக்கவில்லை. அளந்துதான் முடித்தாயிற்றே!

யூனாவின் பழைய கார் கோழிக்கூட்டை இழுத்துக்கொண்டு நாற்பதில் போயிற்று. தகரக்கூரைச் சாலை கடகடவென்று ஆட்டியது, கிளெனிஸின் பல்செட் தாளம் போட்டது. முதல் ஓடையில் யூனா இறங்கிக் கைத்தடியால் மணலைக் குத்திப் பார்த்தார், ஏறிக்கொண்டார், கடந்தார். இரண்டாவது ஓடையிலும் அப்படியே. முப்பதாவது கிலோமீட்டரில் பின்னால் புழுதி மலை ஒன்று எழும்பியது. அதிலிருந்து டட்லியும் அவர் பின்னால் நெவிலும் எண்பதில் பறந்து அவர்களைத் தாண்டிப் போனார்கள். நெவில் ஹார்ன் அடித்துக் கையை ஆட்டினார்.

"உன் வீட்டுக்காரன் சந்தோஷமா இருக்கான்," என்றார் யூனா, வைப்பரைப் போட்டுப் புழுதியைத் துடைத்தபடி.

"எப்பவும் அப்படித்தான் யூனா. பின்னாடிதான் எல்லாம் வரும்."

ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில், மூன்றாவது ஓடையைத் தாண்டிய இடத்தில் அந்த 'எல்லாம்' வந்திருந்தது. அச்சு தரையில் தட்டவில்லை, அந்த மட்டுக்கும் டட்லியின் ஜோசியம் பொய். நடந்தது வேறு. ஓடையின் அக்கரையில் ஒரு பள்ளம். அதில் நிறை வயிறாக இறங்கிய காரவன், மெத்தை மாதிரியான புதுப் பட்டையில் ஆசை தீர அமுங்கியது. பெரிய டயர் மேலே வந்தது, மட்கார்டைத் தொட்டது, தொட்டதோடு நிற்காமல் கடித்தது. சுற்றுகிற ரம்பம் மாதிரி அதைப் பிய்த்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. மட்கார்டுக்கு மேலேதான் சமையல் அலமாரி.

மாவுப் பொட்டலங்கள் வெடித்திருந்தன. பீட்ரூட் டின்கள் நசுங்கிச் சிவப்பாய் வழிந்தன. பார்க்கிறவர்கள் கொலை நடந்த இடம் என்றே சொல்வார்கள். கிளெனிஸின் பூப்போட்ட இரவு உடை அச்சில் முப்பது சுற்றுச் சுற்றியிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நெவில்! அடிபட்டுச்சா?"

நெவில் ஊர்ந்து வெளியே வந்தார். தலைமுதல் கால்வரை மாவு. எண்ணெயில் போட்டுப் பொரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் முகத்தில் இருந்தது வருத்தம் அல்ல. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்தறியாத ஒரு பிரகாசம்.

"கிளெனி, நம்ப மாட்டே! முழுசா அமுங்கும்போது டயர் ஏழு விரல் மேல வருது! நாங்க நாலு விரல்தானே விட்டோம்!"

"நின்னுட்டிருக்கும்போது அளந்தது தப்பு, மச்சான்," என்றார் டட்லி அடியிலிருந்தபடியே. "சாமான் ஏத்தி அளந்திருக்கணும். நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சதச் சொல்றதுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார் யூனா.

அடியில் ஸ்பானர் சத்தம் கூடியது.

கிளெனிஸ் கணவரின் புருவத்திலிருந்து மாவைத் தட்டிவிட்டாள். "சரி. டட்லிகிட்ட சாட்டிலைட் போன் இருக்கு, நாளைக்கு இழுவை வண்டி வந்துடும். எங்க காருல பின்சீட்டு காலி. ஏறிக்கோ. இன்னும் நாப்பது கிலோமீட்டர்தான். சேந்து பாக்கலாம்."

நெவில் காரைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். பிறகு காரவனின் வயிற்றில் விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்தார். அந்தப் பார்வை அங்கேயே தங்கிவிட்டது.

"இப்பவேவா? டட்லி நாலு போல்ட் கழட்டிட்டாரு, கண்ணு. பாதியில விட்டுட்டு எப்படி? கொஞ்சம் பொறு, ஒரு ரெண்டு மணி நேரம்..."

"தண்ணி இருக்கா?"

"நூத்தெண்பது லிட்டர்."

"சாப்பாடு?"

"ரோட்டுல கெடக்கு. பொறுக்கிக்கறோம்."

"அப்ப சரி," என்றாள் கிளெனிஸ். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். கார் நகர்ந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள், கை காட்டுவார் என்று. கையைக் காணவில்லை. கால்கள் மறுபடி நான்காகிவிட்டிருந்தன.

யூனா கல் பார்த்துப் பார்த்து ஒரு கிலோமீட்டர் ஓட்டினார். அப்புறம், "அழுவறியா?" என்று கேட்டார்.

"இல்ல. சிரிக்கிறேனா அழறேனான்னு இன்னும் முடிவு பண்ணல."

ஏரிக்கரைக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஏற்கனவே ஒரு வண்டி நின்றது. அடிலெய்டிலிருந்து வந்த இரண்டு இளம் நர்சுகளின் சின்னஞ்சிறு நகரத்துக் கார், வயிறு தரையில் உரசுகிற தவளை மாதிரி. "மெதுவா வந்தோம்," என்றாள் ஒருத்தி, தக்காளியை நறுக்கிக்கொண்டே, "ரோடு கொஞ்சம் மோசம்தான்."

ஏரி அரபானா என்ற பூர்வகுடி மக்களுடையது. உள்ளே இறங்கக் கூடாது என்று பலகை நின்றது. கிளெனிஸ் கரையிலேயே நின்றாள். தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியவில்லை. ஓரத்தில் உப்பு இளஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது, மீன் நாற்றம் அடித்தது. தண்ணீர் நிஜமாகவே பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் நேற்றைய கரை, முந்தாநாளைய கரை என்று பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த கூழைக்கடாக்களில் ஒரு கூட்டம் மட்டும் பாக்கி. எண்ணினாள். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. கண் கலங்கியதால் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் ஈ மொய்த்ததுதான் காரணம். அப்புறம் ஈக்கள் விலகிய பிறகும் எண்ண முடியவில்லை.

யூனா மடக்கு நாற்காலிகளை விரித்தார், மார்மலேட் புட்டியைத் திறந்தார்.

"மூணு மணிக்குக் கிளம்பினா," என்றார், "போற வழியில அந்த ரெண்டு மாவுருண்டையையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்."

கிளெனிஸ் முழங்கால் பட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து ஐந்தாறு பறவைகள் எழும்பி, கனத்த உடம்பைத் தூக்க முடியாமல் தூக்கி, தண்ணீரைக் காலால் அடித்து அடித்து ஓடி, ஒருவழியாக மேலே போய் வட்டமிட்டன. அவள் தலை அவற்றோடு சேர்ந்து சுற்றியது.

"நாம செவ்வாக்கிழமை கிளம்பினாலும் அவங்க வண்டிக்கு அடியிலேயேதான் இருப்பாங்க," என்றாள். "ரொட்டியக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, யூனா."